மெட்டில்டா திருப்பிக் கொடுத்த டேப் ரெக்கார்டர்

மெட்டில்டாவின் கடைக்கு முதல் தடவையாக வருகிற ஆண்கள் எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள். "மெக்கானிக் எங்கம்மா?"

அவள் தலையை நிமிர்த்தாமலே பதில் சொல்லுவாள். "மெக்கானிக் செத்துப் போயிட்டாரு. நான்தான் இருக்கேன். வேணும்னா வச்சுட்டுப் போங்க."

பாதிப் பேர் வைத்துவிட்டுப் போவார்கள். மீதிப் பேர் மெயின் ரோட்டிலிருக்கும் ஹென்றியின் கடைக்குப் போய்விட்டு, பத்து நாள் கழித்து அதே ரேடியோவோடு திரும்பி வருவார்கள். அப்போது அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே! சிரிக்க மாட்டாள். "அங்க என்னத்தைக் கெடுத்தாருன்னு முதல்ல சொல்லுங்க. அதைச் சரி பண்ணிட்டு உங்க கோளாறைப் பாக்கேன்" என்பாள்.

தூத்துக்குடியில் பெரிய மாதா கோயிலுக்குப் பின்னால் கடலைப் பார்த்து இறங்கும் சந்தில், தன் வீட்டு முன்னறையைத் தடுத்து அவள் அந்தக் கடையை வைத்திருந்தாள். வீட்டுக்குள் படுத்த படுக்கையாக அவள் அப்பா. முன்னால் ஒரு மேஜை, ஒரு மீட்டர், சுவரோடு சுவராக இரண்டு அலமாரி நிறைய வாய் திறந்த ரேடியோக்கள். உப்புக் காற்றுதான் அவளுக்குச் சோறு போட்டது. வாங்கி ஒரு வருஷம் ஆகாத டிரான்சிஸ்டரிலும் பேட்டரிக் கட்டை உட்காரும் கம்பிச்சுருளில் பச்சை பூத்துவிடும். அதைச் சுரண்டித் துடைத்தால் பாடிவிடும். ஆனால் பொய் சொல்லிக் கொடுத்த சாமானை அவள் தொட மாட்டாள். ஒரு தடவை தோணிக்காரர் ஒருவர், "தானா நின்னுட்டும்மா" என்று ஒரு ரேடியோவைக் கொடுத்தார். அவள் அதைச் சாய்த்தாள். ஒரு கை கடல் தண்ணீர் மேஜைமேல் கொட்டியது. ரேடியோவை அப்படியே வாசல்படியில் வைத்துவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விட்டாள்.

அவள் இப்படி ஆனதற்குக் காரணம் அந்தத் தெருவுக்கே தெரியும். யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை, அவ்வளவுதான்.

பதினைந்து வருஷத்துக்கு முன்னால், அவளுக்கு இருபத்துமூன்று வயதில், சங்கு குளிக்கிற மரியானின் மகன் இனிகோவுக்கும் அவளுக்கும் கல்யாணம் பேசி முடித்திருந்தார்கள். கோயிலில் இரண்டு ஞாயிறு கல்யாண அறிவிப்பு ஓலையும் வாசித்தாயிற்று; மூன்றாவதும் வாசித்தால் கல்யாணம்தான். மூன்றாம் ஞாயிறு சாமியார் அவர்கள் பெயரை வாசிக்கவில்லை. இனிகோவின் அம்மாவிடம் இடையில் மணப்பாட்டிலிருந்து ஒரு சம்பந்தம் வந்திருந்தது. பெண்ணின் மாமா வெளிநாட்டுக் கப்பலுக்கு ஆள் சேர்த்துவிடுகிறவர். இரண்டு ஓலை வாசித்த பிறகு அதைக் காரணமாகச் சொன்னால் ஊர் காறித் துப்பும். அதனால் இனிகோ வேறொன்று சொன்னான். பீச் ரோட்டு சலூனில் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, "அந்தப் புள்ளைக்கு வலிப்பு இருக்கு. மறைச்சுக் கட்டி வைக்கப் பாத்தாங்க" என்றான்.

சாயங்காலத்துக்குள் அது எல்லா வீட்டு அடுப்படிக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது. அதற்குப் பிறகு மெட்டில்டாவைப் பெண் கேட்டு ஒருவரும் வரவில்லை. பூசையில் அவள் கொஞ்ச நேரம் கூடுதலாக முழங்காலிட்டு இருந்தால்கூடப் பின்னாலிருக்கும் பெண்கள் எட்டிப் பார்த்தார்கள். ஒருத்தி, விழுந்தால் கையில் திணிக்கலாம் என்று இரும்புச் சாவிக்கொத்தைத் தயாராகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மெட்டில்டா அந்தச் சாவிக்கொத்தைப் பார்த்தாள். மறு மாதமே, கன்னியாஸ்திரீ ஒருவர் எழுதிக் கொடுத்த கடிதத்தோடு பெங்களூருக்கு ரயில் ஏறிவிட்டாள்.

அங்கே ஒரு ரேடியோ கம்பெனியில் காயில் சுற்றுகிற வேலை. மூன்றாம் வருஷம், ஓடாத பெட்டிகளை ஆராய்கிற மேஜைக்கு அவளை மாற்றினார்கள். அந்த மேஜை அவளுக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று. அங்கே யார் என்ன சொல்கிறார்கள் என்பதற்கு மதிப்பே கிடையாது. கரண்ட் எதுவரைக்கும் வருகிறது, எந்த இடத்தில் நிற்கிறது என்று மீட்டர் முள் சொல்லிவிடும். முள் சொன்னதை யாரும் மறுத்துப் பேச முடியாது. ஒன்பது வருஷம் அந்த மேஜையில் இருந்தாள். எழுபத்துநாலில் அப்பா விழுந்துவிட்டார் என்று தந்தி வந்தது. சொந்தக் காசில் வாங்கிய மீட்டரை எடுத்துக்கொண்டு ஊர் திரும்பினாள்.

எழுபத்தேழாம் வருஷம், இனிகோ கப்பலிலிருந்து மூன்று மாத லீவில் வந்தான். கையோடு தூக்கிக்கொண்டு போகிற மாதிரி ஒரு ஜப்பான் டேப் ரெக்கார்டர் கொண்டுவந்திருந்தான். கறுப்பு உடம்பு, வெள்ளிக் கைப்பிடி, பியானோ கட்டைபோல ஆறு பொத்தான். தினமும் சாயங்காலம் அதை ஜன்னலில் வைத்துத் தெருவுக்கே கேட்கும்படி பாட விடுவான். இரண்டு சந்து தள்ளி மெட்டில்டாவுக்கும் கேட்கும். அவள் ஜன்னலைச் சாத்திவிடுவாள்.

பதினைந்தாம் நாள் பாட்டு நின்றுவிட்டது. பொத்தானை அமுக்கினால் ஒன்றுமில்லை. புதுப் பேட்டரிக் கட்டை போட்டும் ஒன்றுமில்லை. ஹென்றி நான்கு நாள் வைத்திருந்து, "உள்ள டிரான்சிஸ்டர் எரிஞ்சு போச்சு, மெட்ராஸ்லதான் கிடைக்கும்" என்று கையை விரித்துவிட்டான். வேறு வழியில்லாமல் ஒரு காலையில் இனிகோ மெட்டில்டாவின் வாசலுக்கு வந்தான். பதினைந்து வருஷத்தில் அதுதான் முதல் பேச்சு.

"ஏளா மெட்டில்டா, இதைக் கொஞ்சம் பாரு."

அவள் கையிலிருந்த சால்டரிங் கம்பியைத் தாங்கியில் வைத்தாள். "ஏளான்னு கூப்பிடதுக்கு நான் உம்ம வீட்டு ஆளு இல்ல. சாமானுக்கு என்ன?"

"ஓடல."

"எப்ப நின்னுச்சு? என்ன பண்ணும்போது?"

"நான் ஒண்ணும் பண்ணல. தானா நின்னுட்டு. நான் இங்கனயே உக்காந்திருக்கேன், எம் முன்னாலயே தொற. உள்ள இருக்கதெல்லாம் அசல் ஜப்பான் சாமான் பாத்துக்கோ."

அவளுக்குக் காது மடல் சுட்டது. "வச்சுட்டுப் போறதுன்னா போம். இல்லன்னா எடுத்துட்டுப் போம். காவல் இருந்து பாக்க வேலைய நான் செய்யதில்ல."

இனிகோ பெட்டியை மேஜைமேல் தட்டென்று வைத்துவிட்டுப் போனான்.

மெட்டில்டா அதைத் தொடவே இல்லை. தூக்கி அலமாரியின் மேல்தட்டில் வைத்தாள். அதற்குப் பிறகு வந்த சாமான்களையெல்லாம் முடித்துக் கொடுத்தாள். ஒரு நாள், இரண்டு நாள், எட்டு நாள். அது சரியில்லை என்று அவளுக்குத் தெரியும். பெங்களூர் மேஜையில் வந்த வரிசைப்படிதான் வேலை நடக்கும். ஆனாலும் ஒவ்வொரு காலையும் அந்த வெள்ளிக் கைப்பிடியைப் பார்க்கும்போது, கிடக்கட்டும் என்றிருந்தது.

ஒன்பதாம் நாள் இனிகோ வந்து, கேட்காமல் உள்ளே நுழைந்து, அலமாரியிலிருந்து பெட்டியை எடுத்தான். பொத்தானை அமுக்கினான். உயிரில்லை.

"எட்டு நாளா என்ன செஞ்ச?"

"ஒண்ணும் செய்யல."

"ஒண்ணும் செய்யாமயா வச்சிருந்த? என்னத்தை உருவுன?"

பதிலுக்குக் காத்திராமல் நேரே ஹென்றியின் கடைக்குப் போனான். ஹென்றி பெட்டியைத் திறக்கக்கூட இல்லை. காதோடு வைத்து இரண்டு ஆட்டு ஆட்டினான். "அண்ணாச்சி, மோட்டார் மாறியிருக்கு. எங்கிட்ட இருந்தப்ப இந்தச் சத்தம் இல்ல. அசலைக் கழத்திட்டு உள்ளூர்ச் சரக்கை மாட்டியிருக்கா" என்றான். மெட்டில்டா கடை வைத்ததிலிருந்து அவன் வியாபாரம் படுத்துவிட்டிருந்தது. கடையில் அப்போது ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். எல்லார் காதிலும் விழும்படி சொன்னான்.

பதினோரு மணிக்கு ஒரு போலீஸ்காரர் சந்துக்குள் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தார். "உம்மேல திருட்டுப் புகார் வந்திருக்கும்மா. அசல் மோட்டாரைக் கழத்திட்டன்னு ஹென்றி கடையில ஏழு பேரு முன்னால சொல்லியிருக்காரு. ஐயா கூப்பிடுதாரு."

சந்தில் இருந்த எல்லா வாசலிலும் ஆள் வந்து நின்றது. மெட்டில்டா அப்பாவுக்குத் தண்ணீர் எடுத்துக் கட்டிலருகே வைத்தாள். மீட்டர், ஸ்க்ரூ டிரைவர், ஒரு இடுக்கி, இரண்டு துண்டு ஒயர், நாலு புதுக் கட்டை எல்லாவற்றையும் துணிப்பையில் போட்டுக்கொண்டாள். போலீஸ்காரருக்கு முன்னால் நடந்தாள்.

சப் இன்ஸ்பெக்டர் ஆவுடையப்பனுக்கு அன்று புதிய துறைமுகத்தில் ஏதோ தகராறு. சீக்கிரம் போக வேண்டியிருந்தது. மேஜைமேல் டேப் ரெக்கார்டர் இருந்தது. ஒரு பக்கம் இனிகோவும் ஹென்றியும். கதவோரமாக இனிகோவின் மனைவி, மணப்பாட்டுக்காரி விக்டோரியா. என்ன நடக்கிறது என்று பார்க்க அவளாகவே பின்னால் வந்திருந்தாள். வராந்தா ஜன்னலில் நாலைந்து தலை.

"ஏம்மா, மோட்டாரை எடுத்தியா?"

"நான் இதைத் தொறக்கவே இல்லங்கய்யா."

"எட்டு நாளா உன்கிட்டதான் இருந்திருக்கு."

"இருந்துச்சு. இவரு சாமானைத் தொட எனக்குப் பிடிக்கல. அதான் தொறக்கல. அது என் தப்புதான். ஆனா திருட்டு இல்ல. இங்க வச்சே தொறந்து காட்டுதேன்."

"தொறக்கக் கூடாது!" என்று ஹென்றி முந்தினான். "இன்னும் என்னத்தையாவது செஞ்சிருவா, ஐயா."

ஆவுடையப்பன் அவனை ஏற இறங்கப் பார்த்தார். "தொறக்காம நீரு எப்படி மோட்டார் மாறிருக்குன்னு கண்டுபிடிச்சீரு?"

"ஆட்டிப் பாத்தேன்."

"அவரு தேங்காய்ன்னு நினைச்சுட்டாருங்கய்யா" என்றாள் மெட்டில்டா. ஜன்னலில் யாரோ சிரித்தார்கள். ஆவுடையப்பன் சிரிக்கவில்லை. "தொற" என்றார்.

அவள் பின்பக்க மூடியைக் கழற்றினாள். உள்ளே, தீப்பெட்டி உயரத்தில் உருண்டையாக மோட்டார் இருந்தது. "ஐயா, பெட்டிக்கு மேல எழுதியிருக்க எழுத்தைப் பாருங்க. மோட்டார் மேல இருக்கதையும் பாருங்க." அவர் குனிந்து பார்த்தார். இரண்டிலும் ஒரே கம்பெனி முத்திரை, ஒரே மாதிரி ஜப்பான் எழுத்து. மோட்டாரைப் பிடித்திருந்த திருகுகளின் தலையில் கம்பெனியில் வைத்த பச்சை மை உடையாமல் இருந்தது. மெட்டில்டா இரண்டு ஒயரை எடுத்து, புதுக் கட்டையிலிருந்து நேராக மோட்டாரின் காலில் தொட்டாள். மோட்டார் சுர்ரென்று சுற்றியது.

"மோட்டார் அசல். மோட்டார் நல்லாவும் இருக்கு."

ஹென்றி தொண்டையைச் செருமினான். "மாறியிருக்கலாம்னுதான் சொன்னேன்" என்றான்.

"கழத்திட்டான்னு சொன்னீரு. ஏழு பேரு கேட்டிருக்காங்க."

ஆவுடையப்பனுக்கு அதோடு விஷயம் முடிந்துவிட்டது. ஆனால் அவருக்கும் கொஞ்சம் ஆசை வந்துவிட்டது. "அப்புறம் ஏன் ஓடல?"

அவள் நாலு கட்டையையும் அதனதன் பள்ளத்தில் போட்டாள். மீட்டரின் இரண்டு கம்பியையும் கட்டையின் இரு முனையில் வைத்தாள். "ஆறு வோல்ட் வருது. பாருங்க முள்ளை." அடுத்து கம்பிச்சுருள். பச்சை இல்லை, சுத்தமாக இருந்தது. "இங்கயும் வருது." அங்கிருந்து ஒரு சிவப்பு ஒயர் பெட்டியின் பக்கவாட்டுக்குப் போயிற்று. வீட்டுக் கரண்டில் ஓட்டுவதற்கு எலிமினேட்டரைச் சொருகுகிற சின்ன ஓட்டை அங்கே இருந்தது. "இந்த ஓட்டை வரைக்கும் கரண்ட் வருது." மீட்டர் கம்பியை அரை விரல்கடை நகர்த்தினாள். முள் அப்படியே படுத்துவிட்டது. "இங்கன நின்னுட்டு."

எல்லாரும் மேஜையைச் சுற்றிக் குனிந்தார்கள்.

"உள்ள ஒரு பித்தளைத் தகடு இருக்கு. பின்னு சொருகுனா அது ஒதுங்கிக்கிடும், கட்டையிலருந்து கரண்ட் வராது. பின்னை எடுத்தா திரும்பி வந்து ஒட்டிக்கிடும். யாரோ அளவு சேராத தடிப் பின்னை உள்ள இடிச்சுச் சொருகியிருக்காங்க. தகடு வளைஞ்சு அப்படியே நின்னுட்டு. அதுலருந்து எத்தனை புதுக் கட்டை போட்டாலும் ஓடாது." நிமிர்ந்து இனிகோவைப் பார்த்தாள். "தானா நின்னுச்சுன்னு சொன்னீரு."

"நான் ஒண்ணும் சொருகல" என்றான் இனிகோ.

"அவுகதான் சொருகுனாக." விக்டோரியா கதவோரத்திலிருந்து பேசினாள். "கட்டை சீக்கிரம் தீருதுன்னு எதுத்த வீட்டு எலிமினேட்டரை வாங்கி, உள்ள போகலன்னு செருப்பை வச்சுத் தட்டுனாக. நான் வேண்டாம்னேன்."

இனிகோ மனைவியை முறைத்தான். ஆவுடையப்பன் நாற்காலியைத் தள்ளி எழுந்தார். "புகாரை வாபஸ் வாங்கும். ஏம்மா, சட்டுனு சரி பண்ணிக் குடு. எனக்கு வேலை இருக்கு."

மெட்டில்டா இடுக்கியை எடுத்து, தகட்டை மெல்ல நெம்பி விட்டாள். பொத்தானை அமுக்கினாள். எந்த ஊர்ப் பாட்டோ, கிட்டாரும் கொட்டுமாக அந்த அறை முழுக்கக் கேட்டது. போலீஸ்காரர் ஒருவர் உள்ளே எட்டிப் பார்த்தார். இனிகோவின் முகம் அப்படியே மாறிவிட்டது. பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு, "பாத்தியாளா, இவ்வளவுதான் விஷயம்" என்று கையை நீட்டினான்.

அவள் பாட்டை நிறுத்தினாள். கையைப் பெட்டிமேல் வைத்துக்கொண்டாள்.

"ஒரு விஷயம் இருக்கு. இதை முடிச்சுக் குடுக்கேன், எனக்கு நீரு ஒண்ணும் தர வேண்டாம். பதினஞ்சு வருசத்துக்கு முன்னால எனக்கு வலிப்புன்னு சொன்னீரு. அன்னைக்கு அதை மீட்டர் வச்சுக் காட்ட முடியல. இன்னைக்கு நீராச் சொல்லும். மெட்டில்டாவுக்கு வலிப்பு இல்ல, நான் சொன்னது பொய். இந்த ஜன்னல்ல நிக்கவங்களுக்குக் கேட்டாப் போதும்."

இனிகோவின் காது சிவந்தது. வாயைத் திறந்தான். அவன் சொல்லிவிடுவான் என்றே மெட்டில்டா ஒரு கணம் நினைத்தாள்.

"பழைய குப்பைய எதுக்குக் கிண்டுத?" என்றான் அவன். "நான் எங்கன சொன்னேன்? ஊருல பேசிக்கிட்டாங்க."

"சரி."

அவள் இடுக்கியை மறுபடி உள்ளே விட்டாள். தகட்டை வளைத்து, முன்பு இருந்த இடத்திலேயே நிறுத்தினாள். தன் கட்டை நாலையும் உருவிப் பைக்குள் போட்டாள். மூடியை மாட்டி, திருகு அத்தனையும் முடுக்கி, பெட்டியை அவன் பக்கம் தள்ளினாள்.

"என்னம்மா செய்யுத!" என்று கத்தினார் ஆவுடையப்பன்.

"நான் திருடுனேன்னுதான் புகார், ஐயா. திருடலன்னு காட்டியாச்சு. ரிப்பேர் பண்ணலன்னு ஒரு புகார் இருக்கா?"

அவர் வாய்க்குள் ஏதோ முனகினார். தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியே போனார். இனிகோ கெட்ட வார்த்தையில் ஆரம்பித்தான். போலீஸ்காரர் அவன் தோளைப் பிடித்து வராந்தாவுக்குத் தள்ளிக்கொண்டு போக வேண்டியதாயிற்று.

மெட்டில்டா வீட்டுக்கு வந்து அப்பாவுக்குக் கஞ்சி கொடுத்துவிட்டு, அடுப்படியில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதாள். சந்தோஷத்தில் வந்த அழுகை இல்லை. அவன் சொல்லவில்லையே என்றுதான்.

அன்றைக்கே ஹென்றி, தான் பார்த்தபடி தகட்டை நெம்பப் போக, அது முறிந்து கையோடு வந்துவிட்டது. ஊர் இரண்டாகப் பிரிந்து பேசியது. "ஒரு பொம்பளைக்கு இவ்வளவு வன்மம் ஆகாது" என்று பாதிப் பேர். கையில் வந்த வேலையைக் கெடுத்துத் திருப்பிக் கொடுத்தவளிடம் எப்படிச் சாமான் கொடுப்பது என்று கேட்டவர்களும் உண்டு. அந்த மாதம் கடைக்கு ஆள் வரத்து குறைந்தது. அடுத்த மாதமும் குறைவுதான். மெட்டில்டா யாருக்கும் விளக்கம் சொல்லவில்லை.

இனிகோ மறுபடி கப்பலுக்குப் போன பத்தாம் நாள், விக்டோரியா அந்தப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு சந்துக்குள் வந்தாள். அக்கா என்று கூப்பிடவில்லை. பெயர் சொல்லியும் கூப்பிடவில்லை. மேஜைக்கு எதிரே நின்றாள்.

"உங்க மேல உள்ள பாசத்துல வரல" என்றாள். "எங்க வீட்டுல பொண்ணு கேக்க வந்தப்ப, உங்க வீட்டுக்காரங்கதான் வேண்டாம்னுட்டாங்கன்னு சொன்னாக. வலிப்புக் கதைய நான் அன்னைக்கு ஸ்டேஷன்லதான் கேட்டேன். வீட்டுக்குப் போயிக் கேட்டேன். ஆமா, சொன்னேன், இப்ப என்னன்னாக."

மெட்டில்டா மேஜைமேல் இருந்த ரேடியோவை ஓரமாக நகர்த்தி வைத்தாள்.

"போன ஞாயிறு பூசை முடிஞ்சு நாலு பேரு அதைப் பத்திப் பேசுனாங்க. எம் புருசன் சொன்னது பொய்யின்னு நான் சொல்லிட்டேன். எம் மாமியார் இப்ப எங்கிட்டப் பேசதில்ல." பெட்டியை மேஜைமேல் வைத்தாள். "இது எனக்கு வேணும். அவுக இல்லாதப்பவாவது நான் கேக்கணும். செய்வீங்களா, மாட்டீங்களா?"

மெட்டில்டா அவளை உட்காரச் சொல்லவில்லை. மூடியைக் கழற்றினாள். முறிந்த தகட்டை எடுத்துக் கீழே போட்டாள். ஓட்டைக்கு வந்த சிவப்பு ஒயரையும் அங்கிருந்து போகிற ஒயரையும் சேர்த்து, ஈயம் வைத்து ஒரே ஒட்டாக ஒட்டினாள். மூன்று நிமிஷ வேலை. பொத்தானை அமுக்கியதும் பாடியது.

"இனி இதுல எலிமினேட்டர் சொருகக் கூடாது. கட்டை மட்டுந்தான். வேலை இல்லாதப்போ கட்டைய வெளிய எடுத்து வைக்கணும், இல்லன்னா பச்சை பிடிச்சிரும்."

"சரி."

"அவரு வந்து, இது எப்படிச் சரியாச்சுன்னு கேட்டா?"

விக்டோரியா கைப்பிடியைப் பிடித்துப் பெட்டியைத் தூக்கினாள். "நான்தான் குடுத்தேன், மெட்டில்டாதான் பாத்தாங்கன்னு சொல்லுவேன். எனக்கென்ன பயம்?" என்றாள். பாட்டை நிறுத்தாமலே சந்தில் இறங்கி நடந்தாள். வாசல்களில் நின்றவர்கள் ஒதுங்கி வழி விட்டார்கள்.

மெட்டில்டா வரிசையில் அடுத்ததாக இருந்த ரேடியோவை எடுத்து மூடியைத் திறந்தாள்.